வளவுக் குழாயில் வந்த மூலிகை வாசம்

மூலிகை என்ற சொல்லை யாராவது என் காதுபடச் சொன்னால் இன்றும் எனக்கு உடம்பு சூடாகிறது. சொல்லில் ஒரு குற்றமும் இல்லை என்று தெரியும். ஆனாலும் சொன்னவரிடம், "எந்த மூலிகை? பேரைச் சொல்லும்" என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறேன். ஒரு முறை துக்க வீட்டிலும் கேட்டுவிட்டேன்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு நாங்கள் தென்காசியில் ஒரு வளவில் குடியிருந்தோம். ஒரே வாசலுக்குள் எதிரும் புதிருமாக எட்டு வீடுகள், நடுவே கல் பாவிய முற்றம், பின்னால் ஓர் உப்புக் கிணறு. முகப்பில் மாடி வைத்த பெரிய வீட்டில் வளவுச் சொந்தக்காரர் இருந்தார். மர வியாபாரி. செங்கோட்டைப் பக்கமிருந்து மரத்தடி வாங்கி வந்து, ரயில் நிலையத்துக்கு அருகே டிப்போ வைத்து விற்றார். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்போம்.

அண்ணாச்சி செய்த ஒரு காரியம் ஊரெல்லாம் பேச்சாயிருந்தது. சிற்றாற்றங்கரையில் அவருக்கு ஒரு தோப்பு உண்டு. அந்தத் தோப்புக் கிணற்றில் எண்ணெய் எஞ்சின் வைத்து, தெருவழியே குழாய் பதித்து, தன் மாடியில் கட்டிய தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார். தொட்டியிலிருந்து முற்றத்துக்கு நான்கு குழாய்கள். திருகினால் தண்ணீர். "குத்தால அருவிதான் ஆறா வருது, ஆறுதான் எங்கிணத்துல ஊறுது. அப்போ குத்தாலத்தையே உங்க வாசலுக்குக் கொண்டாந்துட்டேன்னுல்லா அர்த்தம்" என்பார். நாங்களும் வெளியூர் உறவுகளிடம் அதையே சொல்லிப் பெருமைப்பட்டோம்.

அவருடைய வீட்டில் மட்டும் அந்தத் தண்ணீரைக் குடிப்பதில்லை. தினமும் காலையில் தோப்பிலிருந்து வண்டியில் ஆறு பித்தளைக் குடங்கள் வரும். குழாய்க்குள் தோலில் செய்த வாஷர் இருக்கிறதாம், தோல் பட்ட தண்ணீர் அவர் வீட்டு ஆசாரத்துக்கு ஆகாதாம். அந்த நாளில் பல வீடுகளில் சொன்ன காரணம்தான். நாங்கள் எவரும் அதை மறுபடி யோசிக்கவில்லை.

நான் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா. மூலத்தில் உள்ள புள்ளி நகலில் இல்லாவிட்டால் நகல் செல்லாது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்து, வேலையில் சேர்ந்த நாள் முதல் நாட்குறிப்பு எழுதி வருகிறேன். மழை எத்தனை மணிக்கு விட்டது, யார் வந்தார்கள், என்ன சமைத்தோம், எல்லாம் அதில் இருக்கும். எதையும் தவறவிடாத மனிதன் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் இருந்தது.

அந்த வருஷம் வைகாசிக் கடைசியில் இப்படி எழுதியிருக்கிறேன்: "மாடித் தொட்டி கசிகிறது என்று இடித்துவிட்டார். பதிலுக்கு இரும்புத் தொட்டி. கறுப்பு நிறம். கப்பி கட்டி ஆறு பேர் ஏற்றினார்கள்." அடுத்த பக்கத்தில், ஆனி பிறந்து இரண்டாம் நாள்: "குழாய்த் தண்ணீரில் புது வாசனை." இரண்டு வரிகளுக்கும் நடுவே ஒரு தாளின் கனம். இரண்டையும் சேர்த்துப் படிக்க எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

வாசனையை முதலில் சொன்னது என் மனைவி. பங்குனியில் அவளுக்கு டைபாய்டு கண்டு, பிழைப்பாளா என்ற நிலைக்குப் போய்த் திரும்பியிருந்தாள். எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தாள், அவ்வளவுதான். தலைமுடி பாதி உதிர்ந்திருந்தது. கஞ்சியிலிருந்து குழைந்த சோற்றுக்கு அப்போதுதான் வந்திருந்தோம். குடல் புண் ஆறாத உடம்பு, வயிற்றுக்கு எது போனாலும் யோசித்துப் போகட்டும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அன்று காலை குழாயடியில் செம்பைப் பிடித்தவள், முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே கொட்டினாள்.

"இங்க வாங்களேன். தண்ணி தாரு வாசம் அடிக்குது."

நான் முகர்ந்தேன். வாசம் இருந்தது. கசப்பும் புகையும் கலந்த, மருந்துக்கடை வாசம். மோசம் என்றும் சொல்ல முடியவில்லை. அண்ணாச்சி முகப்பில்தான் நின்றிருந்தார். போய்ச் சொன்னேன். அவர் மேல்துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். அதற்குள் எங்கள் எதிர்வீட்டுக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், ஒரு செம்புத் தண்ணீரை மூக்கருகே வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"ஓய், இது தெரியலையா உமக்கு? சாரல் ஆரம்பிச்சாச்சுல்லா. மலையில உள்ள மூலிகையிலெல்லாம் முங்கி எந்திரிச்சு வருத தண்ணிவே இது. மேல இருந்து மொதல் தண்ணி எறங்கிருக்கு. இந்த வாசத்துக்குத்தான் மெட்ராஸ்லருந்து ரயிலேறி வாரான்."

அண்ணாச்சி வாத்தியாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சிரித்தார். "வாத்தியாரு சொன்னா சரியாத்தான இருக்கும்" என்றார். அந்தச் சிரிப்பை நான் அன்று நாட்குறிப்பில் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. அவள் குற்றாலத்துப் பெண். ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு பழத்தோட்டத்தில் அவளுடைய அப்பா மேஸ்திரியாக இருந்தார். பதினாறு வயது வரை அருவித் தண்ணீரில் குளித்து, அருவித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள்.

"அருவித் தண்ணிக்கு வாசமே கெடையாது. கல்லுல விழுத தண்ணிக்கு என்ன வாசம் இருக்கும்? தென்காசிக்காரவுகளுக்குத்தான் குத்தாலத் தண்ணி மணக்கும்" என்றாள்.

"ஏட்டி, நீ காய்ச்சல்ல கெடந்தவ. உன் மூக்கு இன்னும் சரியாவல" என்றாள் வாத்தியார் மனைவி.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அருவிக்கரையில் பிறந்தவள் சொன்னதைவிட, அங்கே வருஷத்துக்கு இரண்டு முறை எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போகிறவர் சொன்னது எனக்குப் பெரிதாகப் பட்டது.

இரண்டு நாளில் அந்தச் சொல் வளவு முழுக்கப் பரவியது. பக்கத்துத் தெருவிலிருந்து குடத்தோடு வந்து கேட்டு வாங்கிப் போனார்கள். மூட்டுவலிக்கு நல்லது என்றார்கள், பசி எடுக்கும் என்றார்கள். வாத்தியார் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும் என்று விதி சொன்னார். மனைவியோ பின்கட்டு உப்புக் கிணற்றில் இறைத்துத்தான் சமைத்தாள், அதையே குடித்தாள். அவள் கயிறு இழுத்து இறைப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வாய்க்கு எட்டுகிற தூரத்தில் மருந்துத் தண்ணீர் கொட்டும்போது இந்த உடம்பை வைத்துக்கொண்டு உப்புத் தண்ணீர் இறைப்பானேன் என்று கோபித்தேன்.

பிறகு நான் செய்ததுதான் இது. காலையில் ஓர் உழக்கு, மாலையில் ஓர் உழக்கு. அளந்து, டம்ளரில் ஊற்றி, அவள் எதிரில் நின்றேன்.

"மருந்துன்னா டாக்டர் சொல்லட்டும். வாத்தியாரு சொல்லுதாருன்னு குடிக்கணுமா?"

"எட்டு வீட்டிலும் குடிக்கிறார்கள். நானும் குடிக்கிறேன். உனக்கு மட்டும் என்ன?"

"உங்க வயிறு வேற, என் வயிறு வேற."

"உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். குடி."

மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். நான் உள்ளே போய் எழுதினேன்: "காலை ஓர் உழக்கு. குடித்தாள்."

மூன்றாம் நாள் வாந்தி எடுத்தாள். வாத்தியாரிடம் சொன்னேன். "கெட்டது வெளிய போவுது. மூலிகை வேலை செய்யுதுன்னு அர்த்தம், நிப்பாட்டிராதீரும்" என்றார். அதையும் எழுதினேன்: "வாந்தி. மூலிகை வேலை செய்கிறது." வாயெல்லாம் வெந்தது போலிருக்கிறது என்றாள். என் நாக்கும்தான் எரிந்தது, வெற்றிலையில் சுண்ணாம்பு அதிகம் என்று எழுதி வைத்தேன். அவளுக்கு நெஞ்சுக்குக் கீழே பற்றி எரிந்தது. சோற்றிலிருந்து மறுபடி கஞ்சிக்கு வந்தோம். கஞ்சியும் தங்கவில்லை. கைவளையல் முழங்கை வரை ஏறியது. நான் உழக்கைக் குறைக்கவில்லை. இருபத்தொரு நாளில் ஒரே ஒரு மாலைதான் தவறியது, வீரகேரளம்புதூரில் ஒரு கல்யாணத்துக்கு நான் போயிருந்த அன்று.

இருபத்திரண்டாம் நாள் காலை அடுப்படியிலேயே விழுந்துவிட்டாள். மாட்டுவண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அதே டாக்டர். வயிற்றை அழுத்திப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார். சிறுநீர் எந்த நிறத்தில் போகிறது என்று கேட்டார். கறுத்துப் போகிறது என்று அவளே சொன்னாள். எனக்கு அது தெரியாது.

"புதிதாக ஏதாவது கொடுக்கிறீர்களா?"

"ஒன்றுமில்லை சார். மூலிகைத் தண்ணீர் மட்டும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எந்த மூலிகை?"

மலையில் உள்ளது என்றேன். மலையில் எட்டிமரம்கூட இருக்கிறது என்றார். நாற்பது வயதில், கையில் நாட்குறிப்போடு, ஓர் எளிய கேள்விக்கு விடை தெரியாமல் நின்றேன். இனி அந்தத் தண்ணீரைக் கண்ணால்கூடக் காட்டக் கூடாது, குடலில் ஆறிக்கொண்டிருந்த புண் மறுபடி கிளம்பினால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி, அவளை அங்கேயே படுக்க வைத்துக்கொண்டார். ஐந்து நாள் எங்கள் இருவருக்கும் எப்படிப் போயிற்று என்று எழுத எனக்கு இன்னும் மனமில்லை. ஆறாம் நாள் அனுப்பினார். வெறும் கொதிக்க வைத்த தண்ணீரும் பார்லிக் கஞ்சியும்தான் கொடுத்திருந்தார். வாந்தி நின்றிருந்தது.

அடுத்த ஞாயிறு விடியற்காலை ஐந்தருவிக்கு நடந்தே போனேன். சாரல் நன்றாக இருந்தது. அருவியின் கீழேயே செம்பை நீட்டிப் பிடித்தேன். பாறைமேல் உட்கார்ந்து முகர்ந்தேன். மறுபடி முகர்ந்தேன். குடித்துப் பார்த்தேன். குளிர்ச்சி இருந்தது, வேறு எதுவும் இல்லை. வாசமே கிடையாது. அவள் ஆனி இரண்டாம் தேதி சொன்ன அதே வார்த்தை.

செம்பை வாழையிலையால் மூடிக் கட்டிக்கொண்டு திரும்பினேன். வழியில் அண்ணாச்சியின் தோப்பில் நுழைந்து கிணற்றிலும் இறைத்துக் குடித்தேன். அதிலும் வாசம் இல்லை.

அன்று மத்தியானம் முற்றத்தில் எல்லாரையும் கூப்பிட்டேன். ஒரே அளவில் இரண்டு செம்புகள். ஒன்றில் அருவித் தண்ணீர், அதன் அடியில் சுண்ணாம்பால் ஒரு கோடு. மற்றதில் குழாய்த் தண்ணீர். எது குற்றாலத் தண்ணீர் என்று சொல்லுங்கள் என்றேன். ஏழு பேர் முகர்ந்தார்கள். ஏழு பேரும் ஒரே செம்பைக் காட்டினார்கள். வாத்தியார் கடைசியாக வந்தார்.

"இதுல என்னவே சந்தேகம்? இதான் குத்தாலம். மூக்குக்குள்ள போனதுமே தலையில ஏறுது பாரும். அது ஏதோ பச்சத்தண்ணி."

செம்புகளைக் கவிழ்த்துக் கோட்டைக் காட்டினேன். "நீங்கள் பச்சைத் தண்ணீர் என்று சொன்னதுதான் ஐந்தருவி. இன்று காலை என் கையால் பிடித்தது."

வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

"வருத வழியில மணம் பறந்து போயிருக்கும்வே. நீரு வாழையிலையில கட்டினா நிக்குமா?"

வீட்டு வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மனைவி சிரித்துவிட்டாள். "குத்தாலத்தையே குத்தாலம் இல்லைன்னு சொல்லிட்டீங்களே வாத்தியாரே. நல்லவேளை, அருவிக்குக் காது கேக்காது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே பெரிய வீட்டுக்குள் போனேன். அனுமதி கேட்கவில்லை. அண்ணாச்சி ஊஞ்சலில் இருந்தார். "ஓய், ஓய், எங்கவே ஏறுதீரு?" என்று அவர் எழுவதற்குள் மாடிப்படி ஏறிவிட்டேன். தொட்டியின் மூடியைத் தள்ளி, கையை விட்டு உள்சுவரைத் தடவினேன். விரல்களில் பிசுபிசுப்பாகக் கறுப்பு ஒட்டியது. முகர்ந்தேன். கோர்ட்டுக்குப் போகும்போது தினமும் அவருடைய டிப்போவைத் தாண்டித்தான் போகிறேன். வேலிக் கம்புகளுக்கும் தூண்களுக்கும் கறையான் அரிக்காமல் தாரிலிருந்து வடிக்கும் ஓர் எண்ணெய் பூசி வெயிலில் அடுக்கியிருப்பார்கள். வருஷக்கணக்காக என் மூக்கு அறிந்த வாசம் அது. டிப்போ முன்னால் அதற்குக் கட்டை எண்ணெய் என்று பெயர். முற்றத்துக்கு வந்ததும் மூலிகை என்று பெயர்.

இறங்கி வந்து கறுத்த விரல்களை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"ஆமா, எண்ணெய் கெடந்த தொட்டிதான்" என்றார், கொஞ்சமும் கூசாமல். "சும்மா கெடந்துது. சாம்பல் போட்டு மூணு தடவ தேச்சுக் கழுவச் சொன்னேன். கட்டையையே செல்லு அரிக்காமக் காக்குத எண்ணெய்வே. மனுசன் வயித்துல பூச்சி வராதுன்னு வச்சுக்கிடுமே."

"என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்தாள். நீர் மூலிகை என்று சொன்னீரே!"

"நான் எப்பவே சொன்னேன்? வாத்தியாருல்லா சொன்னாரு. நல்லதாச் சொன்னாரு. நான் எதுக்கு இல்லைன்னு சொல்லணும்?"

அவருக்குப் பின்னால் நடையில் தோப்பிலிருந்து வந்த ஆறு பித்தளைக் குடங்கள் வரிசையாக இருந்தன. தோல் வாஷர். நான் அந்தக் குடங்களைப் பார்ப்பதை அவரும் பார்த்தார். பார்வையைத் திருப்பிக்கொண்டு, "பிடிக்கலைன்னா பொறத்தால கெணறு இருக்கு. அதுவும் பிடிக்கலைன்னா ஊர்ல வேற வளவு இருக்கு" என்றார்.

கை ஓங்கிவிட்டேன். யாரோ பிடித்து இழுத்து வந்தார்கள்.

முற்றத்தில் எல்லாருக்கும் விரலைக் காட்டினேன். இரண்டு வீட்டார் அன்றே குழாயை விட்டார்கள். மற்றவர்கள் தயங்கினார்கள். எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லையே என்றார்கள். வாத்தியார் மறுநாள் காலையும் குழாயடியில் செம்போடு நின்றார். எதிரே நான் நிற்பதைப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு முழுச் செம்பையும் குடித்தார். தான் சொன்ன ஒரு சொல்லுக்காக அந்த மனிதர் கட்டை எண்ணெய் குடித்தார். அவரைப் பார்த்து ஆத்திரப்பட எனக்கு என்ன தகுதி இருந்தது என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். அன்று கேட்கவில்லை. அன்று அவர் கழுத்தைப் பிடிக்கத்தான் தோன்றியது.

அந்த மாதமே வளவைக் காலி செய்தோம். புது வீட்டில் குழாய் இல்லை, நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தது. நான்தான் இறைத்தேன். மனைவிக்கு உடம்பு தேற அடுத்த தை வரை ஆயிற்று. இந்த நாட்களில் நான் வாய் ஓயாமல் அண்ணாச்சியைத் திட்டிக்கொண்டிருந்தேன். கோர்ட்டில் பிராது கொடுப்பேன், நாட்குறிப்பே சாட்சி, ஒவ்வொரு நாளும் எழுதியிருக்கிறேன் என்றேன். அவள் கேட்டுக்கொண்டே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் முறத்தைக் கீழே வைத்தாள். "அப்படி என்னதான் எழுதியிருக்கீங்க? வாசிங்க கேப்போம்."

வாசித்தேன். தேதி, வேளை, அளவு. "காலை ஓர் உழக்கு. குடித்தாள். மாலை ஓர் உழக்கு. குடித்தாள். வாந்தி." நான்கைந்து நாள் வாசிப்பதற்குள் என் குரல் இறங்கிவிட்டது. அவள் நிறுத்தச் சொல்லவில்லை. கடைசி வரை வாசிக்க வைத்தாள்.

"தொட்டியை வச்சது அவுக. பேரை வச்சது வாத்தியாரு" என்றாள். "குடித்தாள், குடித்தாள்னு எழுதியிருக்கீங்களே. நானாவா குடிச்சேன்? குடிக்க வைத்தேன்னு எழுதுங்க."

நான் நாட்குறிப்பை மூடப் போனேன்.

"கோர்ட்ல தப்பா எழுதினா எப்படித் திருத்துவீங்க?"

"ஒரே கோடாக அடித்து, மேலே சரியான சொல்லை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும்."

"அப்போ அப்படியே செய்யுங்க."

பேனாவையும் மைக்கூட்டையும் எடுத்து வந்தேன். நாற்பத்தொரு இடம். ஒவ்வொன்றையும் அடித்து, "குடிக்க வைத்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எதிரே உட்கார்ந்து, நான் ஒன்றையும் தாண்டிவிடாமல் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். நடுவில் அவளுக்குத் தாகம் எடுத்தது போலிருக்கிறது, பானைப் பக்கம் பார்த்தாள். நான் எழுந்து பானையிலிருந்து மொண்டு கொடுக்கப் போனேன். "நீங்க எழுதுங்க" என்று சொல்லி, தானே எழுந்துபோய், மொண்டு, ஒரு முறை முகர்ந்து பார்த்து, குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.